சின்ன ஃபுட்பால் கிளப்புக்கு பிளேயர் சம்பளக் கணக்கு போடுறது எப்படி? ஒரு நீள நோட்டு போதும்

போன மாசம் பாளையங்கோட்டை வ.உ.சி மைதானம் பக்கத்துல டீ குடிச்சிட்டு நிக்கேன், ரெண்டு பயலுவ வந்து "அண்ணாச்சி, நாங்க புதுசா கிளப் ஆரம்பிச்சிருக்கோம், ஒரு ஸ்ட்ரைக்கர் மாசம் ஆறாயிரம்தான் கேக்கான், எடுத்துரலாமா"ன்னு கேட்டானுவ. நான் பகல்ல வண்ணார்பேட்டைல ஒரு ஹார்டுவேர் கடைல கணக்கு எழுதுதேன், சாயங்காலம் எங்க கிளப்புக்கு பொருளாளர், அதனால இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஆறாயிரம்"தான்"னு சொன்னாம்பாருங்க, அந்த "தான்"லதான் எல்லாமே கெடக்கு. அன்னைக்கு டீக்கடைல சொன்னதை இங்க கொஞ்சம் விரிச்சு எழுதுதேன்.

மொத வேலை: வரவை எழுதுங்க, ஆசையை எழுதாதீங்க

நோட்டை எடுத்து வருஷத்துக்கு கட்டாயம் வரும்னு தெரிஞ்ச பணத்தை மட்டும் எழுதுங்க. ஜெர்சில பேர் போடுறதுக்கு கடைக்காரர் குடுக்குறது, லீவுல பசங்களுக்கு கோச்சிங் கேம்ப் நடத்தி வர்ற ஃபீஸ், கல்ஃப்ல இருக்குற பழைய பிளேயர்ஸ் அனுப்புறது. டோர்னமென்ட் ப்ரைஸ் மணியை எழுதக்கூடாது, அது ஜெயிச்சாத்தான், ஜெயிக்கலன்னா அந்த வரி பூரா காத்து.

முக்கியமான ஒண்ணு, "பாத்துக்கிடலாம்"னு சொல்லுத பெரியவர் பணம். அவரு அதை நன்கொடையா தாராரா கைமாத்தா தாராரான்னு முதல்லயே கேட்டுருங்க. இங்கிலாந்துல கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கு, அதாவது லீக் ஒன், லீக் டூவுக்கு, பல வருஷமா ஒரு விதி இருந்துச்சு: வரவுல இத்தனை சதவீதத்துக்கு மேல பிளேயர் சம்பளத்துக்குப் போகக்கூடாது, லீக் ஒன்ல 60%, லீக் டூல அதைவிடக் கம்மி. அதுல முதலாளி தானமா போடுற பணம் வரவுல சேரும், கடனா குடுக்குறது சேராது. நம்ம ஊருக்கும் அப்படியே பொருந்துற விதிங்க அது, அடுத்த வருஷம் திருப்பிக் கேட்டு கிளப் வாசல்ல வந்து நிக்குற பணத்தை வரவுல சேக்கக்கூடாது.

2020 ஆகஸ்ட்ல அங்க ஒரு கிளப்போட மொத்த பிளேயர் சம்பளத்துக்கு நேரா உச்சவரம்பே வெச்சுப் பாத்தாவ, லீக் ஒன்னுக்கு வருஷம் 25 லட்சம் பவுண்ட், லீக் டூவுக்கு 15 லட்சம். பிளேயர்ஸ் சங்கம் சண்டை போட்டு 2021 பிப்ரவரில அது செல்லாதுன்னு ஆகிப்போச்சு, திரும்பவும் சதவீதக் கணக்குக்கே வந்துட்டாவ.

ரெண்டாவது: பங்கு பிரிக்கது

கணக்கு புரியறதுக்காக ஒரு கற்பனைக் கிளப் வெச்சுக்கிடுவோம். வருஷ வரவு 6 லட்சம். பாதியை பிளேயர்ஸுக்கு ஒதுக்குங்க, 3 லட்சம். மீதி பாதி வேன் வாடகை, ஜெர்சி, பால், எண்ட்ரி ஃபீஸ், கிரவுண்டு, ஐஸ் கட்டி, சாப்பாடுன்னு போயிரும், மிஞ்சும்னு நினைக்காதீங்க. மிஞ்சாது.

மூணாவது: ஒரு பிளேயரோட நிஜ விலை

இங்கதான் நிதானமா வாசிக்கணும். அந்த ஆறாயிரம் ஸ்ட்ரைக்கரையே எடுத்துக்கிடுவோம். அவன் கேக்குறது ரெண்டு வருஷம், முதல் வருஷம் மாசம் 6,000, ரெண்டாம் வருஷம் 7,000, ஆடுத ஒவ்வொரு மேட்சுக்கும் 500, கோலுக்கு 300, கையெழுத்து போடுறதுக்கு 10,000. கேக்க சின்னதாத்தான் இருக்கு. இப்போ நோட்டுல போடுங்க:

சம்பளம் முதல் வருஷம் 72,000, ரெண்டாம் வருஷம் 84,000. வருஷத்துக்கு 20 மேட்ச்னா மேட்ச் காசு 10,000, ரெண்டு வருஷத்துக்கு 20,000. வருஷத்துக்கு 12 கோல்னா 3,600, ரெண்டுக்கும் 7,200. கையெழுத்துக் காசு 10,000. கூட்டுனா 1,93,200. அவன் கேட்டது ஆறாயிரம் இல்ல வே, ரெண்டு லட்சத்துக்கு ஏழாயிரம் கொறைய!

கையெழுத்துக் காசை ஒரேயடியா குடுக்காம வருஷத்துக்கு 5,000ன்னு பிரிச்சாலும் முதல் வருஷம் மட்டும் 90,600 ஆகுது, 3 லட்சத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஒரே ஆளுக்கு. மிச்சம் பதினஞ்சு பேரு என்ன பண்ணுவான்? நல்லா ஆடுதான்னா எடுங்க, நான் வேண்டாங்கல, ஆனா மொத்தத்தைப் பாத்துட்டு எடுங்க. என்னைக் கேட்டா மாசச் சம்பளத்தைக் கொறைச்சு மேட்ச் காசை ஏத்திப் பேசுவேன், ஆடுனா வாங்கட்டும். பையன் பக்கத்துல நின்னு பாத்தா அது அநியாயமாவும் தெரியும், முட்டி போச்சுன்னா அவனுக்கு வருமானமே போச்சு, அதனால காயம்பட்டா எத்தனை மாசம் சம்பளம் உண்டுன்னு ஒரு வரி கட்டாயம் எழுதுங்க.

நாலாவது: பன்னெண்டு மாசத்தையும் கட்டம் போடுங்க

குத்தாலத்துல கடை வெச்சிருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்னு சாரல் அடிக்கிற மூணு மாசம் சம்பாதிச்சு வருஷம் பூரா சாப்பிடணும். கிளப்பும் அதே கதைதான். இங்கிலாந்துல சீசன் ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு மே மாசம் முடியும், கான்ட்ராக்ட் பொதுவா ஜூன் 30 வரை ஓடும், மேட்ச் இல்லாத மாசம் கேட்ல டிக்கெட் காசு வராது, சம்பளம் மட்டும் போய்ட்டே இருக்கும், அந்த நேரத்துல புது சீசன் டிக்கெட் வித்து வர்ற காசை இப்பவே தின்னுட்டா ஜனவரில கை காலி. அதனால நோட்டுல 12 கட்டம் போட்டு மேல வரவு, கீழ செலவு, ஒவ்வொரு கட்டத்துலயும் கைல மிச்சம் எவ்வளவுன்னு எழுதுங்க. வருஷக் கணக்கு லாபத்துல நின்னாலும் நவம்பர் கட்டம் மைனஸ்ல போச்சுன்னா அந்த நவம்பர்ல நீங்க கடன் வாங்குவீங்க, வேற வழி கிடையாது.

இங்கிலாந்துல பரி (Bury)ங்கற ஊர் கிளப் கதை தெரியுமா? 1885ல ஆரம்பிச்ச கிளப். 2018-19 சீசன்ல லீக் டூல ரெண்டாவது வந்து மேல ஏறுனாவ, ஏறுத அந்த நேரத்துலயே பிளேயர்ஸுக்கு சம்பளம் பாக்கி. புது சீசன்ல ஒரு லீக் மேட்ச் கூட ஆடாம 2019 ஆகஸ்ட் 27ல லீக்கை விட்டே தூக்கிட்டாவ. மைதானத்துல ஜெயிச்சு நோட்டுல தோத்துட்டாவ.

அஞ்சாவது: முடியுற தேதி

எல்லாரும் சம்பளத்தைப் பாப்பாவ, நான் முதல்ல இதைத்தான் பாப்பேன். பேர், வயசு, சம்பளம்னு எழுதுனதுக்குப் பக்கத்துல ஒரு பத்தி போட்டு கான்ட்ராக்ட் முடியுற தேதியை சிவப்புப் பேனாவுல எழுதுங்க. அத்தனை பேருக்கும் ஒரே நாள் முடிஞ்சா அடுத்த நாள் உங்களுக்கு டீமே இல்ல. அத்தனை பேருக்கும் மூணு வருஷம் போட்டா வரவு பாதியானாலும் அதே சம்பளம் குடுக்கணும். மூணுல ஒரு பங்கு இந்த வருஷம், ஒரு பங்கு அடுத்த வருஷம்னு முடியுற மாதிரி பிரிச்சுக்கிடுங்க. "கிளப் விரும்புனா இன்னொரு வருஷம்"னு ஒரு ஆப்ஷன் வரி சேக்குறது நல்லது, கீழ டிவிஷனுக்கு எறங்குனா சம்பளம் இத்தனை சதவீதம் கொறையும்னும் இங்கிலாந்துல சில கிளப்புகள்ல எழுதிக்கிடுவாவ.

ஃபிஃபா விதிப்படி ஒரு கான்ட்ராக்ட் அதிகபட்சம் 5 வருஷம், 18 வயசு ஆகாத பையன்னா 3 வருஷம். கடைசி 6 மாசத்துல அவன் வேற கிளப்போட பேசலாம், தப்பு சொல்ல முடியாது. 1995ல போஸ்மான்ங்கற பெல்ஜியம் பிளேயர் போட்ட கேஸ்ல வந்த தீர்ப்புக்கு அப்புறம், யூரோப்ல கான்ட்ராக்ட் முடிஞ்சவன் பழைய கிளப்புக்கு யாரும் பணம் கட்டாமலே வேற கிளப்புக்குப் போகலாம்னு ஆச்சு. ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி வெச்சா, பையன் 15 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு கான்ட்ராக்டை முறிக்கலாம்ங்கறதும் ஃபிஃபா விதிதான். நம்ம நாட்டுச் சட்டத்துல 18 நிறையாதவன் போடுற கையெழுத்தே செல்லாது, அதனால அப்பா அம்மாவைக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுங்க.

ஆறாவது: எழுதுங்க, அதுவும் தேதியோட

மூணு வருஷம் முன்னால எங்க கிளப்புக்கு தென்காசிப் பக்கத்துல இருந்து ஒரு கீப்பரைக் கூட்டிட்டு வந்தோம், "சீசன் முழுக்க மாசம் மூவாயிரம், பாத்துக்கிடுதோம்"னு வாய் வார்த்தைதான், பேப்பர் இல்ல. செப்டம்பர்ல ஒரு ஷாட்டைத் தடுக்கப் போய் மோதிர விரல் ஒடிஞ்சுபோச்சு. அக்டோபர் சம்பளம் கேட்டு வந்தான். எங்க செயலாளர் "சீசன்தான் முடிஞ்சுபோச்சே"ங்காரு, அவருக்கு சீசன்னா எங்க ஊர் டோர்னமென்ட் முடியுற வரை. கீப்பருக்கு சீசன்னா மே மாசம் வரை. அவங்க அப்பா வந்தாரு, அவருக்கு சீசன்னா குத்தாலம் சீசன், "எலே ஆகஸ்ட்லயே முடிஞ்சிட்டுல்லா, அப்புறம் ஏன் செப்டம்பர்ல ஆட வெச்சிய"ன்னு எங்களையே ஏசுதாரு. மூணு பேரு சொல்லுததும் சரிதான். கடைசில ஆளாளுக்கு போட்டு எட்டாயிரம் குடுத்தோம், அதுல ரெண்டாயிரம் என் சொந்தக் காசு.

அதுக்கப்புறம் எங்க பேப்பர்ல "சீசன்"ங்கற வார்த்தையே கிடையாது, ஜூன் 1ல இருந்து மே 31 வரைன்னு வருஷத்தோட எழுதுதோம், எத்தனாம் தேதி சம்பளம், காயம்பட்டா எத்தனை மாசம், போனஸ் எப்போன்னு எல்லாம் ஒரே பக்கத்துல, ரெண்டு ஜெராக்ஸ், ஒண்ணு பையன் கைல. அந்தக் கீப்பர் இப்பவும் எங்க கூடத்தான் ஆடுதான். வருஷா வருஷம் பேனாவைத் திறக்குறதுக்கு முன்னால "அண்ணாச்சி, அந்த தேதியை மட்டும் ஒரு தடவ சத்தமா வாசிங்க"ம்பான்.