ஓவிய வகுப்பு: பெற்றோரும் ஆசிரியர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவிய வகுப்பு முடிந்து வரும் குழந்தையிடம் நாம் முதலில் பார்ப்பது கையில் இருக்கும் பேப்பரைத்தான். படம் அழகாக இருந்தால் சந்தோஷம், கோணல்மாணலாக இருந்தால் ‘இவனுக்கு டிராயிங் வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. குழந்தை எதைக் கூர்ந்து பார்த்தது, எந்த நிறத்தை எடுத்து எதை வேண்டாமென்று வைத்தது, பெயிண்ட் வழிந்தபோது பேப்பரைக் கசக்கி எறிந்ததா, வழிந்த இடத்தையே மேகமாக்கியதா, இதெல்லாம்தான் அந்த வகுப்பின் பாடம். அதில் பாதிகூட பேப்பரில் தெரியாது.

சின்னப் பிள்ளைகளின் படத்தைத் திருத்தப் போவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. 1972-இல் ஃப்ரீமன், ஜானிகூன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கோப்பையின் கைப்பிடியைக் குழந்தையின் கண்ணுக்குத் தெரியாதபடி பின்பக்கம் திருப்பி வைத்தார்கள். கோப்பையின் வெளிப்பக்கத்தில் இருந்த பூப்படம் மட்டும் தெரிந்தது. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளில் பலர் தெரியாத கைப்பிடியை வரைந்தார்கள், எதிரே தெரிந்த பூவை விட்டுவிட்டார்கள். எட்டு வயதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் கண்ணில் பட்டதை மட்டும் வரைந்தார்கள். சிறு குழந்தை தனக்குத் தெரிந்ததை வரைகிறது, கோப்பை என்றால் கைப்பிடி இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. வீட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே இருப்பவர்கள் தெரிவதும், தலையிலிருந்தே கால் முளைப்பதும் இதே வகைதான். அங்கே ரப்பரை எடுத்து அழித்தால் குழந்தைக்கு ஒன்றும் புரியாது. ‘நீ உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து கைப்பிடி தெரியுதா, எழுந்து வந்து இந்தப் பக்கம் பார்’ என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியில் கவனிக்கும் பழக்கம் தொடங்குகிறது. பென்சிலைப் பிடுங்கி நாமே வரைந்து காட்டினால், ‘அப்பா வரைஞ்சாதான் சரியா வரும்’ என்பதை மட்டும்தான் குழந்தை கற்கும்.

சரி, அப்படியானால் யாரும் எதுவும் சொல்லித்தரக் கூடாதா? அப்படி ஒதுங்கிக்கொள்வதும் தவறுதான், இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிப்படியாக விவரித்த விக்டர் லோவன்ஃபெல்ட், சுமார் ஒன்பது வயதிலிருந்து பிள்ளைகள் தங்கள் படம் நிஜம்போல இருக்க வேண்டும் என்று விரும்பத் தொடங்குகிறார்கள் என்றார். கண் முன்னேறிவிடுகிறது, கை பின்தங்கி நிற்கிறது. ‘எனக்கு வரைய வராது’ என்று பலர் வரைவதையே விட்டுவிடுவது இந்த வயதில்தான். அப்போது ‘உனக்குத் தோன்றியதை வரை’ என்று சொல்வது கைவிடுவதற்குச் சமம். பென்சிலை நீட்டி அளவு பார்ப்பது எப்படி, வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் நிழல் எங்கே விழும், நாற்காலியின் கால்களுக்கு நடுவே இருக்கும் காலி இடத்தின் வடிவம் என்ன என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். ஆர்வம் முழுதாகப் போன பிறகு சொல்லிக்கொடுத்துப் பயனில்லை.

அப்புறம், பரிசு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு பள்ளியும் ஒருமுறை படிக்க வேண்டும். வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழு தானாக வரையச் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதியாக இருந்தது. சொல்லாமல் பரிசு கொடுத்த குழுவில் அந்தச் சரிவு இல்லை. பாராட்டவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் பார்க்காமலே ‘சூப்பர்’ என்பதைவிட, ‘இந்த மூலையில் பச்சையை அழுத்தித் தேய்த்திருக்கிறாயே’ என்று பார்த்ததைச் சொன்னால் குழந்தை தானாகவே பேசும். கிறுக்கும் வயதில் ‘இது என்ன படம்?’ என்று துருவவும் வேண்டாம். அது பெரும்பாலும் எந்தப் படமும் இல்லை, கை அசைந்தால் கோடு வருகிறது என்ற கண்டுபிடிப்பு.

‘ஓவியம் படித்தால் கணக்கில் மார்க் ஏறும்’ என்று சொல்லி ஓவிய வகுப்புக்கு ஆதரவு தேடுவதை நல்லெண்ணத்தில்தான் பலரும் செய்கிறார்கள். எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2000-இல் வெளியிட்டபோது, ஓவியப் பயிற்சியால் மற்றப் பாடங்களில் மதிப்பெண் கூடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. பிறகு அவர்கள் ஓவிய வகுப்புகளுக்குள்ளேயே போய்க் கவனித்தார்கள். கூர்ந்து பார்ப்பது, இல்லாததை மனதில் உருவாக்குவது, தடை வந்தாலும் தொடர்வது, தன் வேலையைத் தானே எடைபோடுவது, துணிந்து புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பது போன்ற பழக்கங்கள் அங்கே வளர்வதாக எழுதினார்கள். ஓவிய வகுப்பு இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம். மார்க்குக்காக என்று வாங்கிய பீரியடை, பரீட்சை நெருங்கும்போது மார்க்குக்காகவே பிடுங்கிக்கொள்வார்கள்.

பலகையில் ஒரு மாதிரிப் படம் போட்டு எல்லோரையும் அப்படியே காப்பியடிக்கச் சொல்வது இன்னொரு பழக்கம். முடிவெல்லாம் ஆசிரியரே எடுத்துவிட்டால் குழந்தைக்கு மிஞ்சுவது கலர் அடிக்கும் வேலை மட்டும்.

பொருள்கள் விஷயத்தில் ஒன்று. மெல்லிய பேப்பரில் வாட்டர் கலர் கொடுக்காதீர்கள். ஈரம் பட்டதும் அது சுருங்கும், இரண்டாவது தடவை பிரஷ் பட்டால் திரிதிரியாகக் கிளம்பும், குழந்தை தன்னால்தான் கெட்டது என்று நினைத்துக்கொள்ளும். விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை. கெட்டியான தாள், சிவப்பு, மஞ்சள், நீலத்தோடு வெள்ளையும் கறுப்பும், கழுவ இரண்டு டப்பா தண்ணீர் இருந்தால் நிறம் கலக்கக் கற்றுக்கொள்ளலாம்.