ஆலையை எங்கே போடுவது? லாரி வாடகையிலிருந்து தொடங்குங்கள்

இடம் பார்க்கக் கிளம்புமுன் ஒரு கணக்கு: 1 டன் சரக்கு செய்ய எத்தனை டன் மூலப்பொருள் வேண்டும்?

சேலத்து ஜவ்வரிசியை எடுத்துக்கொள்வோம். 1 டன்னுக்கு மரவள்ளிக் கிழங்கு குறைந்தது 4 டன் வேண்டும். மாவுச்சத்து குறைந்திருந்தால் 5 டன்கூட ஆகும். பெரிய கிராக்கி மகாராஷ்டிரத்தில். புனே சுமார் 1,000 கி.மீ. டன்னுக்கு, கிலோமீட்டருக்கு 3 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைப்போம். உங்கள் புக்கிங் ஆபீஸ் சொல்லும் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜவ்வரிசியாக அனுப்பினால் 3,000 ரூபாய். கிழங்காக அனுப்பி அங்கே அரைத்தால் 12,000. போதாததற்கு, பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கருக்க ஆரம்பித்துவிடும். ஆலைகள் சேலம், நாமக்கல் பக்கமே இருப்பதற்குப் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடுகிறது.

தண்ணீர் எங்கும் கிடைக்கும், அதைத் தூக்கிச் சுமப்பதுதான் செலவு. ஆகவே குளிர்பானம், 20 லிட்டர் கேன் எல்லாம் குடிப்பவர் பக்கத்தில்தான். கேனுக்குக் காலியைத் திருப்பிக் கொண்டுவரும் வாடகையும் உண்டு, மறக்க வேண்டாம்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். ‘நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் கிட்டே’ என்பார்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி காத்துக்கிடக்கும் நேரம் எல்லாம் 50 கி.மீ.க்கும் 500 கி.மீ.க்கும் ஒன்றுதான். நடுவில் போட்டால் மூலப்பொருளுக்கு ஒரு முறை, சரக்குக்கு ஒரு முறை என்று இரண்டு தரம் அழ வேண்டும். துறைமுகம் மட்டும் விதிவிலக்கு. அங்கே எப்படியும் இறக்கித்தானே ஆக வேண்டும்? கப்பலில் வரும் நிலக்கரியை நம்பிய தூத்துக்குடி அனல்மின் நிலையம் துறைமுகத்தை ஒட்டி நிற்பது அதனால்தான்.

போக ஒரு ரேட், வர ஒரு ரேட் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ரிட்டர்ன் லோடு கிடைக்காத ஊருக்கு, காலியாகத் திரும்பும் டீசலையும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள்.

போன், இணையம் மலிந்த பிறகு கணக்கு, விற்பனை ஆட்களை எங்கே வேண்டுமானாலும் உட்காரவைக்கலாம். எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. திருப்பூரில் டிசைன் மெயிலில் வந்துவிடும். துணியின் நிறத்தைப் போட்டோ பார்த்து யாரும் ஓகே சொல்வதில்லை. லேப் டிப் துண்டை, அதாவது மாதிரிக்குச் சாயம் போட்ட சின்னத் துணியை, லைட் பாக்ஸ் என்ற நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல் என்று துணி டெம்போவில் கைமாறிக்கொண்டே இருக்கும். உங்கள் தொழிலிலும் மெயிலில் முடிவது எது, டெம்போவில் போக வேண்டியது எது என்று பிரித்து எழுதுங்கள். இரண்டாவது பட்டியலில் வருகிற யூனிட்டுகளிலிருந்து எட்டப் போகாதீர்கள், அங்கே வாடகை கொஞ்சம் கூடினாலும்.