கிடார் ஆம்பில் பேஸ், பேஸ் ஆம்பில் கிடார்: எங்கே சொதப்புகிறோம்?

கிடார் ஆம்பில் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) அடிநாதம் வாசிக்கும் பேஸ் கிடாரைச் செருகலாமா என்று கேட்டால் ரெண்டு விதமான பதில் வரும். தொடவே தொடாதே, ஆம்ப் புகைந்துவிடும் என்பார்கள் சிலர். அதெல்லாம் சும்மா, நான் வருஷக்கணக்கில் அப்படித்தான் வாசிக்கிறேன் என்பார்கள் சிலர். ரெண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி. செருகுவதால் எதுவும் ஆகாது, எவ்வளவு சத்தமாக வாசிக்கிறோம் என்பதில்தான் வில்லங்கம் இருக்கிறது. அப்படியே ஏதாவது போனாலும் பெரும்பாலும் போவது ஸ்பீக்கர்தான், உள்ளே இருக்கும் சர்க்யூட் இல்லை.

கிடாரின் தடித்த ஈ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பேஸின் ஈ கம்பி அதில் சரிபாதி, 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸ் என்றால் பி கம்பி 31 வரைக்கும் இறங்கும். ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி அலைவரிசைக்குப் போய் அதே அளவு சத்தம் வேண்டும் என்றால் ஸ்பீக்கர் கோன் (முன்னால் தெரியும் கூம்பு) நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். கிடார் ஸ்பீக்கரின் கோனோ லேசான காகிதம், ஓரமும் விறைப்பு, அதை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் நகர இடமும் கொஞ்சம்தான். கிடார்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டால், அது 70 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் என்றுதான் குறிப்பிடப்பட்டிருக்கிறது. இதில் பின்பக்கம் திறந்த காம்போ ஆம்ப் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடித்து நிறுத்தும், திறந்த பெட்டியில் அந்தப் பிடிமானம் கிடையாது.

இங்கேதான் பலரும் வாட்ஸ் கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள். ஸ்பீக்கர் 60 வாட்ஸ், ஆம்ப் 30 வாட்ஸ், பிறகென்ன பயம் என்று. அந்த 60 வாட்ஸ் என்பது வாய்ஸ் காயில் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கான கணக்கு. கோன் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அது சொல்வதில்லை. 41 ஹெர்ட்ஸில் காயில் சூடாவதற்கு ரொம்ப முன்னாலேயே கோன் தன் எல்லையைத் தொட்டுவிடும்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. பேஸ் சத்தம் மெலிதாக வருகிறது என்று உடனே ஆம்பில் இருக்கும் பேஸ் நாபை (அடிச்சத்தத்தை ஏற்றி இறக்கும் குமிழ்) முழுசாகத் திருப்புவது. 10 டெசிபல் ஏற்றினால் அந்த அலைவரிசையில் ஆம்ப் பத்து மடங்கு சக்தி தள்ள வேண்டும், அதுவும் ஸ்பீக்கரால் ஒலியாக மாற்றவே முடியாத இடத்தில். சத்தம் அதிகமாகாது, கோன் மட்டும் கிடந்து துடிக்கும். நேர்மாறாகச் செய்யுங்கள்: பேஸ் நாபைக் குறைத்து மிட்ஸ் (நடு அலைவரிசை) நாபைக் கூட்டுங்கள். அடிநாதமே போய்விடுமே என்றால், போகாது. 82, 123, 165 ஹெர்ட்ஸில் வரும் மேல்சுரங்களைக் கேட்டே நம் காது 41-ஐத் தானாகக் கற்பனை செய்துகொள்ளும். சின்ன ரேடியோவிலும் பேஸ் வரிசை நமக்குப் புரிவது இதனால்தான். அலைவரிசைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்யூ பெடல் கையில் இருந்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே தாராளமாக வெட்டிவிடலாம்.

வீட்டில் தனியாக, பேசும் சத்தத்துக்கு வாசிக்கிறீர்களா, நிம்மதியாக வாசியுங்கள். டிரம்ஸ் உள்ளே வந்ததும்தான் வினை ஆரம்பம். டிரம்மர் ஒரு அடி அடிப்பார், நாம் வால்யூமை ஒரு எண் ஏற்றுவோம், அப்புறம் இன்னொரு எண். நான் அப்படித்தான் நண்பனின் ஸ்பீக்கரைக் கிழித்தேன். 'புர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது, நல்ல டிஸ்டார்ஷன் என்று ரசித்துக்கொண்டு இன்னும் அழுத்தி வாசித்தேன், அது காயில் எல்லை தாண்டி முட்டுகிற சத்தம் என்று கோன் கிழிந்த பிறகுதான் புரிந்தது. அந்தப் புர்ர் சத்தமோ, படபடவென்று காகிதம் அடிக்கிற சத்தமோ கேட்டால் அந்த நொடியே வால்யூமை இறக்கிவிடுங்கள். பேண்டோடு வாசிக்க பேஸ் ஆம்ப் இல்லையென்றால் டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக நேராக மிக்சருக்குள் போவது எவ்வளவோ மேல்.

சர்க்யூட்டைப் பற்றிய பயம் தேவையில்லை என்று சொன்னேன், வரலாறே அதற்குச் சாட்சி. 1951-இல் பிரெசிஷன் பேஸ் கிடாரை வெளியிட்ட ஃபெண்டர் கம்பெனி, அதற்காக 1952-இல் பேஸ்மேன் ஆம்பைக் கொண்டுவந்தது. பிற்பாடு பத்து இன்ச் ஸ்பீக்கர் நான்கு வைத்து வந்த பேஸ்மேனைக் கிடார்காரர்கள் அப்படியே சுருட்டிக்கொண்டார்கள். 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் உருவான ஜேடிஎம்45 ஆம்ப், அந்த பேஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்ததுதான். ராக் கிடார் சத்தத்துக்கே அஸ்திவாரம் ஒரு பேஸ் ஆம்ப்! ஆகவே கிடார் ஹெட்டை (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) பேஸ் கேபினட்டோடு (தனி ஸ்பீக்கர் பெட்டி) இணைத்து பேஸ் வாசிப்பது நல்ல யோசனை.

ஆனால் ஹெட்டையும் கேபினட்டையும் மாற்றி மாட்டும்போது ஓம்ஸைப் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) பார்க்காமல் விடாதீர்கள். 8 ஓம்ஸ் கேபினட் ரெண்டைப் பேரலலில் சேர்த்தால் 4 ஓம்ஸ். அதற்குக் கீழே போகக்கூடாது என்று ஹெட்டில் போட்டிருந்தால் மூன்றாவதை மாட்டாதீர்கள். வால்வ் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். நடுவில் ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும். கிடார் கேபிள் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் உள்ளே இருக்கும் கம்பி மெலிசு.

இனி மறுபக்கம். பேஸ் ஆம்பில் கிடார் வாசித்தால் எதுவும் உடையாது. இங்கே கெடுவது சத்தம் மட்டும்தான், அதற்கும் முக்கியக் காரணம் ட்வீட்டர், அதாவது கீச்சுச் சத்தங்களுக்கான சின்ன ஸ்பீக்கர். டிஸ்டார்ஷன் பெடல்கள் கொடுக்கும் கரகரப்பை கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தானாகவே வடிகட்டிவிடும். பேஸ் கேபினட்டின் ட்வீட்டர் எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடுவதால், காதுக்குள் குளவி புகுந்த மாதிரி இருக்கும். அதை அணைத்துவிட்டு வாசியுங்கள். ஒரே விதிவிலக்கு: மல்டி எஃபெக்ட்ஸ் கருவியில் கேபினட் சிமுலேஷன் (கிடார் ஸ்பீக்கரின் சத்தத்தை டிஜிட்டலாகப் போலி செய்வது) போட்டு வருகிறீர்கள் என்றால் வடிகட்டல் ஏற்கனவே நடந்துவிட்டது, ட்வீட்டர் இருக்கட்டும், அணைத்தால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல ஆகிவிடும்.

ஆக்டிவ், பாசிவ் என்று பட்டன் இருந்தால் பாசிவ் பக்கம் வையுங்கள். ஆக்டிவ் பக்கம் என்பது பேட்டரி போட்ட பேஸின் பலமான சிக்னலைக் குறைக்க வைத்தது, சாதாரண கிடார் அதில் செத்த சத்தம்தான் தரும். அப்புறம் அந்த பேஸ் நாப், அது வேலை செய்யும் இடத்தில் கிடாருக்கு அனேகமாக எதுவுமே இல்லை, ஏற்றினால் கம்பியில் கை படுகிற 'தொம்' சத்தமும் கரண்ட் இரைச்சலும்தான் பெரிதாகும். பேஸ் ஆம்பில் பொதுவாக ரிவெர்ப் (எதிரொலி போன்ற எஃபெக்ட்) கிடையாது என்பதால் சத்தம் வறட்டுத்தனமாகத் தெரியும், அதைப் பார்த்து ஆம்பே சரியில்லை என்று தள்ளிவிடுகிறார்கள். ஒரு ரிவெர்ப் பெடலை முன்னால் போட்டு, டிஸ்டார்ஷன் இல்லாமல் ஜாஸ் மாதிரி ஏதாவது வாசித்துப் பாருங்கள். பேஸ் ஆம்புகளில் ஹெட்ரூம் (சத்தம் உடைவதற்கு முன் இருக்கும் இடைவெளி) தாராளம் என்பதால் கார்டு அடிக்கும்போது சத்தம் உடையாமல் அவ்வளவு சுத்தமாக வரும்.