மின்பதிப்புக் குழுக்களில் சேரும்போது நாம் விடும் பிழைகள்

கொழும்பில் ஒரு பழைய தமிழ் நூலையோ சுவடியையோ கணினியில் முறையாகப் பதிப்பிக்கத் தொடங்குகிறவர் பெரும்பாலும் தனியாள்தான். சந்தேகம் வந்தால் எழுந்துபோய்க் கேட்க, பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்கிற ஆள் இருக்கமாட்டார். அதனால் துறைக்குழு ஒன்றில் சேர்ந்தே ஆகவேண்டும். ஆனால் சேருகிற விதத்தில் பலரும் ஒரே பிழைகளை விடுகிறோம், நானும் விட்டேன்.

முதலாவது, ஸ்கேன் செய்து காப்பதையும் பதிப்பிப்பதையும் ஒன்றாக நினைப்பது. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது, படிகளைத் தேட முதலில் அங்கேதான் போகவேண்டும். இரண்டு சுவடிகள் ஒரே அடியை இரண்டு விதமாகச் சொன்னால் எதை மூலபாடமாக வைப்பது, மற்றதை எப்படிக் காட்டுவது என்பது வேறு கேள்வி. அதைப் பதிப்பாளர்களிடம்தான் கேட்கவேண்டும். அவர்கள் கூடுகிற பெரிய இடம், 1987இல் தொடங்கிய டி.ஈ.ஐ. (Text Encoding Initiative) என்ற உரைக் குறியீட்டு முயற்சி. உரையில் எது அடி, எது திருத்தம் என்பதைக் கணினிக்கு விளங்கும்படி அடையாளமிடுகிற பொது முறை அது, அதைத்தான் குறியிடுவது என்கிறோம். கல்வெட்டுக்காரர்கள் அதே முறையின் கிளையான எபிடாக்கைச் சுற்றி இருக்கிறார்கள்.

“அதெல்லாம் வெள்ளைக்காரர் வேலை, தமிழுக்கு இடமிருக்காது” என்று ஒதுங்குவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற பிழை. ஐரோப்பிய நிதியில் 2019இல் தொடங்கிய தர்மா என்ற ஆய்வுத் திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் எபிடாக் முறையில் குறியிட்டது. பாடபேதம் பார்ப்பது, அதாவது சுவடிக்குச் சுவடி மாறும் சொற்களை ஒப்பிடுவது, நமக்குப் புதிதும் இல்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியது ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுத்தான்.

இனி, கேள்வி கேட்கிற விதம். என் முதல் கேள்வி “தமிழ்ச் சுவடியை எப்படிக் குறியிடுவது?” என்பது. பதில் வரவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகுதான் புரிந்தது, அந்தக் கேள்விக்குப் பதில் எழுத ஒரு புத்தகம் வேண்டும். ஓர் ஏட்டின் ஒரே வரியோடு போயிருக்கவேண்டும். ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது. ஏட்டில் ‘கலவி’ என்று இருந்தால் அது கலவியா கல்வியா என்பதை இடம் பார்த்து நாம்தான் தீர்மானிக்கிறோம், எரியும் ஏரியும் அப்படித்தான். இதையே கேள்வியாக்குங்கள்: “ஏட்டில் புள்ளி இல்லை, நான் கல்வி என்று வாசிக்கிறேன். இரண்டு வடிவத்தையும் ஒவ்வொரு சொல்லிலும் குறிக்கவேண்டுமா, அல்லது புள்ளிகளை நான் இட்டேன் என்று கோப்பின் தலைப்பகுதியில் ஒருமுறை அறிவித்தால் போதுமா?” தமிழ் தெரியாத பதிப்பாளருக்குக்கூட இது உடனே விளங்கும், ஏனென்றால் பழைய லத்தீன் சுவடிகளின் சுருக்கெழுத்துகளில் அவரும் இதே தலைவலியைப் பட்டிருப்பார். டி.ஈ.ஐ. இரண்டு வழிக்கும் இடம் தருகிறது. எது உங்கள் வாசகருக்கு ஏற்றது என்பதில்தான் மற்றவர்களின் அனுபவம் தேவைப்படுகிறது.

அப்புறம், மென்பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆட்களைத் தேடுவது. ஒரு செயலிக்குள் மாதக்கணக்கில் தட்டெழுதி, அதிலிருந்து உரையை வெளியே எடுக்க வழியில்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் கேளுங்கள், பிறகு தட்டுங்கள்.

பணத்தை நினைத்துத் தயங்குகிறவர்களும் உண்டு. டி.ஈ.ஐ. கூட்டமைப்பில் உறுப்பினராகத்தான் கட்டணம், அதன் மின்னஞ்சல் குழுவில் சேரவும் வழிகாட்டி முழுவதையும் வாசிக்கவும் ஒரு சதமும் வேண்டாம். நேரத்தையும் கவனியுங்கள்: ஜெர்மனியில் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் இணையக் கூட்டம் குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30, கோடையில் மாலை 6.30. அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிற வாரத்தில் பாதிக் கூட்டத்தைத் தவறவிடுவது சாதாரணமாக நடக்கும்.

கடைசியாக ஒன்று, இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. வெள்ளவத்தையில் ஒரு வீட்டு அலுமாரியில், துணியில் சுற்றிய நிலையில், ஒரு வைத்திய ஏட்டைப் பார்த்தேன். வீட்டு அம்மா அதை மடியில் வைத்துத்தான் அவிழ்த்தார், ஓரங்கள் பூச்சி அரித்திருந்தன. படமெடுக்க விட்டார். குழுவில் அந்தப் படத்தைப் போட்டுக் கேட்கலாம் என்று அன்றிரவே கை துறுதுறுத்தது. ஆனால் படமெடுக்கத் தந்த அனுமதி உலகத்துக்குக் காட்டத் தந்த அனுமதி ஆகாது. மறுநாள் தொலைபேசியில் கேட்டேன். “எழுத்தைக் காட்டுங்கோ தம்பி, மருந்தின்ர அளவு இருக்கிற ஏட்டைக் காட்டாதேங்கோ” என்றார். அந்த ஏட்டை விட்டுவிட்டு, காப்புச் செய்யுள் இருந்த முதல் ஏட்டை மட்டும் அனுப்பினேன்.