பூர்வக்குடித் தாய்மார் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டி லாசா பக்கம் போய், செம்பனைத் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் தெமியார் என்ற பூர்வக்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. கர்ப்பிணிகளையும் பச்சைக்குழந்தை இறப்பையும் பற்றி ஆய்வு செய்ய மாணவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் அதில் உண்டு. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் எங்கள் காலத்தில் நடந்த பிழைகளே திரும்பவும் நடக்கின்றன. அனுமதிக் கடிதம், படிவ எண் போன்றவற்றை மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்வார். மற்றதைச் சொல்கிறேன்.

"எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்பது

கேட்டதும் "நாலு" என்று பதில் வரும். படிவத்திலும் 4 ஏறிவிடும். அது உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் கணக்கு. நம் தோட்டத்து லயத்துப் பாட்டிமார்களும் இப்படித்தான், தங்காமல் போனதைக் கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

ஓர் ஊரில் மாணவி ஒருத்தி 4 என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அந்த அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கைக்குழந்தைக்கு அவித்த மரவள்ளியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். "முதல்முதலில் வயிற்றில் உண்டானது எப்போது?" என்று மலாயில் பேச்சை ஆரம்பித்தேன். ஒவ்வொரு கர்ப்பமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாவது பிரசவம் மழைக்காலத்தில். ஆற்றில் வெள்ளம், வண்டி வரவில்லை, வீட்டிலேயே பிரசவம். "அழுததா?" என்றேன். "ஒரு தடவை முனகியது" என்றார். அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள். அந்தக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழும் இல்லை, இறப்புச் சான்றிதழும் இல்லை.

பிரசவத்தை ஒட்டிய குழந்தை இறப்பு விகிதத்துக்கு, உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 22 வாரம் முடிந்தபின் வயிற்றிலேயே இறந்த குழந்தைகளையும், பிறந்து 7 நாளுக்குள் இறந்த குழந்தைகளையும் கூட்டி, மொத்தப் பிறப்பால் வகுக்க வேண்டும். அந்தக் குழந்தை முனகியதால் அது உயிரோடு பிறந்த கணக்கில் சேரும். அழுததா, மூச்சு விட்டதா, கை கால் அசைந்ததா என்று மூன்றையும் கேட்டால்தான் இது தெரியும். செத்துப் பிறந்தது என்று மொத்தமாக எழுதிவிட்டால், பிறந்த பிறகு மூச்சுக்கும் உடல் சூட்டுக்கும் செய்யவேண்டிய உதவி கிடைத்ததா என்ற கேள்வியே எழாது.

எனக்குக் கோபம் வருவது இதற்கு அப்புறம். இறப்பே இல்லை என்று அறிக்கை சொன்னால், அந்த ஊருக்கு நாலு சக்கர வண்டி வேண்டும், தாதி அடிக்கடி போகவேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது? ஆகவே கர்ப்பம் கர்ப்பமாகக் கேளுங்கள், கலைந்ததையும் இரட்டையையும் சேர்த்து. பெண்ணிடம் பெண் கேட்கட்டும், கூட்டம் இல்லாத நேரத்தில். அவர் பேச்சை நிறுத்தினால் நோட்டை மூடிவிடுங்கள். இறந்த பிள்ளையின் பெயரைத் தோண்டிக் கேட்காதீர்கள்.

கிளினிக் வாசலில் மட்டும் நிற்பது

வராதவர்களைத் தேடித்தான் ஆய்வே.

மாதவிடாய்த் தேதியை ஊகிப்பது

கர்ப்பம் எத்தனை வாரம் என்று கணக்கிடக் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்பார்கள். தேதி குறித்து வைக்கும் பழக்கம் இல்லாதவரிடம் வற்புறுத்திக் கேட்டால், படிவம் முழுக்க 1ஆம் தேதியும் 15ஆம் தேதியுமாக நிரம்பும். அதை வைத்துக் குறைமாதக் குழந்தை எது என்று சொல்ல முடியாது. முதல் மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுத்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் "தெரியவில்லை" என்று எழுதுங்கள்.

எல்லாரையும் ஒரே கட்டத்தில் போடுவது

தீபகற்ப மலேசியாவில் அரசு கணக்கில் 18 பூர்வக்குடி இனங்கள். தெமியார், செமாய், ஜஹாய் எனத் தனித்தனியாகவே எழுதுங்கள்.

தலைவர் சொன்னால் போதும் என நினைப்பது

பாத்தின், அதாவது ஊர்த்தலைவர், சம்மதித்தால் ஊருக்குள் போகலாம், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் சம்மதம் தனி. ரத்தம் எடுத்தால், எதற்கு என்று சொன்னீர்களோ அதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் மக்களிடம் 1990 முதல் நீரிழிவு ஆய்வு என்று சொல்லி எடுத்த ரத்தம், மனச்சிதைவு ஆய்வுக்கும் அவர்களின் பூர்வீகத்தைத் தேடும் ஆய்வுக்கும் போனது. வழக்கு 2010இல்தான் சமரசத்தில் முடிந்தது.

சின்ன எண்ணிக்கையைப் பெரிதாக அச்சிடுவது

40 பிரசவத்தில் ஓர் இறப்பு என்றால் விகிதம் ஆயிரத்துக்கு 25. அடுத்த ஆண்டே பூஜ்யமாகலாம். அதை வைத்து இரண்டு ஊர்களை ஒப்பிடாதீர்கள். ஊர்ப் பெயர், வயது, எத்தனையாவது பிரசவம் மூன்றையும் ஒரே வரியில் போடவும் வேண்டாம். அவ்வளவு சின்ன ஊரில், அது யார் என்று படித்தவுடனே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.