தூக்கிப்போட்டதை எடுக்கும்போது செய்யக்கூடாதவை

சென்னையில் பிறர் வேண்டாமென்று ஒதுக்கியவற்றைக் கொண்டே குடும்பம் நடத்துகிறேன். அலமாரி, மிக்ஸி, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அப்படி வந்தவைதான். புதிதாக இந்த வழிக்கு வருகிறவர்கள், நான் தொடக்கத்தில் சறுக்கிய இடங்களிலேயே சறுக்குகிறார்கள். உடைசலா, ஓடுமா என்று பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம். அதைத் தாண்டிச் சில உண்டு.

நீல டிரம்

இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது தண்ணீர் பிடிக்க எதையாவது வாங்கி வைத்தோம். காயலான் கடையில் பழைய டிரம் மலிவு. முன்பு அதில் என்ன இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

தாம்பரம் பக்கம் ஒரு இளம் தம்பதி அப்படி ஒன்றை வாங்கி, சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துத் தேய்த்திருந்தார்கள். காலையில் நெடி இல்லை. மத்தியானம் மொட்டை மாடியில் வெயில் ஏறியதும் மூடியைத் திறந்தேன். பூச்சிமருந்து குப்பென்று அடித்தது. "நல்லாக் கழுவிட்டோமேண்ணா" என்றது அந்தப் பெண்.

கழுவினால் போகாது. மருந்தைக் கரைத்திருக்கும் எண்ணெய்ச் சத்தைப் பிளாஸ்டிக் உள்ளே இழுத்துக்கொள்ளும். சூடேறும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். பூச்சிமருந்துக் கலனை உடைத்துப் புதைக்க வேண்டும், மறுபடி எடுக்கும்படி வெளியே போடக்கூடாது என்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன.

லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி பச்சையாக இருந்தால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என இறங்குவது நஞ்சின் கடுமைதான். பச்சையும் நஞ்சே. லேபிளைச் சுரண்டியிருந்தால் தொடவே வேண்டாம். குடிக்க மட்டுமல்ல, குளிக்கவும், கீரைக்கு ஊற்றவும் ஆகாது. டிரம் வேண்டுமென்றால் ஊறுகாய் போடும் இடத்தில் நேரே போய்க் கேளுங்கள். உப்பும் எண்ணெயும் கழுவினால் பெரும்பாலும் போய்விடும், வாடை கொஞ்சம் தங்கினாலும் அது நஞ்சல்ல.

மெத்தை

எடுக்காதீர்கள். மூட்டைப்பூச்சி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

பித்தளை

ஈயம் (வெள்ளீயம்) பூசாமல் புளிக்குழம்பு வைக்காதீர்கள்.

அட்டை, இரும்பு, பாட்டில்

தெருமுனையில் கிடந்தாலும் அங்கேயே விடுங்கள். குப்பை பொறுக்குகிறவர்களுக்கு அன்றைய அரிசி அதில்தான். அவர்கள் எடைக்குப் போட முடியாததை நாம் எடுக்கலாம்: மர நாற்காலி, துணி.

போகி

அன்று காலை போனால் சாம்பல்தான் இருக்கும், விடியுமுன்பே கொளுத்திவிடுகிறார்கள். முந்தின நாள் சாயங்காலமே வீடு வீடாகக் கேளுங்கள். கால் ஆடுகிற தேக்கு முக்காலியைக்கூட, கேட்டால் மனதாரக் கொடுத்துவிடுவார்கள். ஒரு ஆப்பு அடித்தால் சரியாகிவிடும்.