நல்லார்பரை சைக்கிளில் கடக்க: கணக்கைத் தண்ணீரில் தொடங்குங்கள்

ஆஸ்திரேலியாவின் நல்லார்பர் வெளியைக் கடக்கப் போகிறீர்களா? டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டவே வேண்டாம். வெயில் 45 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஒதுங்க நிழலும் கிடைக்காது. ஏப்ரல், மே, செப்டம்பர் பரவாயில்லை.

செடுனாவிலிருந்து நார்ஸ்மன் வரை ஐயர் நெடுஞ்சாலையில் சுமார் 1,200 கிலோமீட்டர். வழியில் பெரும்பாலும் ரோட்ஹவுஸ்கள்தான் (பெட்ரோல், சாப்பாடு, தங்க இடம் கிடைக்கும் சாலையோர நிறுத்தங்கள்), அதுவும் தூரம் தூரமாக. கைகூனாவுக்கும் பலடோனியாவுக்கும் நடுவே ஏறக்குறைய 180 கிலோமீட்டர், அதில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்சாலை, எதிர்காற்று பிடித்துக்கொண்டால் ஒரு நாள் வேலை இரண்டு நாளாகிவிடும். அதனால் தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், எத்தனை நாள் ஆகும் என்று பார்த்து 12 லிட்டர் தண்ணீராவது சுமக்க இடம் வையுங்கள். ரோட்ஹவுஸில் குடிதண்ணீரைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்று நினைத்தே பட்ஜெட் போடுங்கள்.

மேற்கே போகிறவர்கள் பழம், காய்கறி, தேனை மேற்கு ஆஸ்திரேலியா மாநில எல்லைக்கு முன்பே தின்று தீர்த்துவிடுங்கள், எல்லையிலுள்ள பார்டர் வில்லேஜ் சோதனைச்சாவடியில் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

அப்புறம் ரோட் ட்ரெயின்கள், அதாவது பல டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு வரும் நீண்ட லாரிகள். ஹேண்டில்பாரில் பின்னால் பார்க்கும் கண்ணாடி கட்டாயம். முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் லாரி வந்தால் யோசிக்காமல் சாலையை விட்டு இறங்குங்கள். போன் சிக்னல் நீண்ட தூரத்துக்கு இருக்காது, செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.